எட் பார்க்கர், அமெரிக்கக் கென்போ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரூஸ் லீயின் பழைய காணொளிகளைத் தேடிக்கொண்டு போனால் ஏதோ ஒரு கட்டத்தில் எட் பார்க்கர் என்ற பெயர் குறுக்கே வரும். எல்விஸ் பிரெஸ்லியின் கராத்தே ஆர்வத்தைப் பற்றிப் படித்தாலும் அதே பெயர்தான். யார் இந்த மனிதர், எப்படி இரண்டு பக்கமும் நிற்கிறார் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். கராத்தே தெரிந்தவர்களும் படிக்கலாம், கட்டாவுக்கும் கட்டாயத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்களும் படிக்கலாம்.

எட் பார்க்கர் யார்?

முழுப்பெயர் எட்மண்ட் கேயலோஹா பார்க்கர். 1931 மார்ச் 19 அன்று ஹவாய்த் தீவுகளின் ஹோனலூலுவில் பிறந்தார். ஹவாய் அப்போது அமெரிக்காவின் மாநிலம் அல்ல, வெறும் ஆட்சிப்பகுதி. 1959இல்தான் அது மாநிலம் ஆனது. மார்மன் கிறித்தவக் குடும்பம். சிறுவயதில் ஜூடோ, கொஞ்சம் குத்துச்சண்டை, பிறகு கென்போ என்ற தற்காப்புக் கலை. கல்லூரிக்காக யூட்டா போனார், அங்கே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார், 1956இல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் பள்ளி திறந்தார். 1990இல் இறக்கும்வரை அதே தொழில்.

'அமெரிக்கக் கராத்தேயின் தந்தை' என்று இவரைச் சொல்வார்கள். அந்தப் பட்டத்துக்கு வேறு ஆட்களும் போட்டியில் இருக்கிறார்கள்.

அப்படியானால் அமெரிக்காவின் முதல் கராத்தே ஆசிரியர் இவர் இல்லையா?

இல்லை. அமெரிக்கப் பெருநிலத்தில் முதலில் பள்ளி நடத்தியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் ராபர்ட் டிரையஸ். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர், குத்துச்சண்டைக்காரர், சாலமன் தீவுகளில் பணியாற்றியபோது ஒரு சீனரிடம் கற்கத் தொடங்கியதாகச் சொன்னார். போர் முடிந்து ஊர் திரும்பி, 1946 வாக்கில் அரிசோனாவின் ஃபீனிக்ஸில் சொல்லிக்கொடுத்தார். பார்க்கர் அப்போது ஹோனலூலுவில் பதினைந்து வயதுப் பையன்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஜப்பானிலிருந்து வந்தவரும் ஷோட்டோகான் என்ற கராத்தே வகையின் ஆசிரியருமான சுடோமு ஓஷிமா 1957இல் கால்டெக் பல்கலைக்கழகத்தில் கராத்தே மன்றம் தொடங்கினார். அமெரிக்காவின் முதல் பல்கலைக்கழகக் கராத்தே மன்றம் அதுதான். கால்டெக் இருப்பதும் பாசடீனாவில். ஒரே ஊரில், ஓராண்டு இடைவெளியில், இரண்டு வெவ்வேறு கராத்தேக்கள் வேர்விட்டன. ஒன்று ஜப்பானிய மரபைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்தது. மற்றது கொண்டுவந்ததையெல்லாம் கலைத்துப்போட்டு அடுக்கியது. கலைத்துப்போட்டவர் பார்க்கர். 'முதல்வர்' பட்டம் அவருக்குத் தேவையே இல்லை என்பது என் எண்ணம். அவர் செய்த வேலை வேறு.

கென்போ என்பது கராத்தேயா, குங்ஃபூவா?

இரண்டும் கலந்தது என்பதுதான் நேர்மையான பதில். கென்போ என்பது 'கைமுட்டியின் விதி' என்று பொருள்படும் சீனச் சொல்லை ஜப்பானியர் உச்சரிக்கும் விதம். சீனர்கள் அதையே சுவான்ஃபா என்பார்கள். ஹவாய்க்கு அது வந்தபோது ஜப்பானிய ஜூஜிட்ஸு, ஓக்கினாவாக் கராத்தே, சீனக் கலைகள் எல்லாம் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் குடும்பங்களோடு ஏற்கெனவே அங்கே குடியேறியிருந்தன. சீனர், ஜப்பானியர், ஓக்கினாவாக்காரர், கொரியர், ஃபிலிப்பைன்ஸ்காரர் என்று எல்லோரும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்த தீவு. அந்த மண்ணில் எந்தக் கலையும் சுத்தமாக இருந்திருக்க முடியாது, இருக்கவும் இல்லை.

யாரிடம் கற்றார்?

இதற்கு மூன்று பெயர்கள் தெரியவேண்டும்.

முதலாமவர் ஜேம்ஸ் மிட்டோசே. ஹவாயில் பிறந்து, சிறுவயதில் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டு, 1937இல் திரும்பியவர். 1942இல் ஹோனலூலுவில் தற்காப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். இவருடைய பிற்காலம் சோகமானது. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு, 1981இல் சிறையிலேயே இறந்தார். கென்போ மரபு பேசுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள்.

இரண்டாமவர் வில்லியம் சௌ. சீனத் தந்தைக்கும் ஹவாய்த் தாய்க்கும் பிறந்தவர், மிட்டோசேயிடம் பயின்றவர். ஆள் குள்ளம், அடி இடி மாதிரி. 'இடி' என்றே பட்டப்பெயர். 1949 வாக்கில் தனியாகப் பிரிந்து, ஹோனலூலுவின் நுவானு ஒய்.எம்.சி.ஏ.வில் சொல்லிக்கொடுத்தார். 'கென்போ கராத்தே' என்ற இரட்டைப் பெயரைப் புழக்கத்தில் விட்டவர் இவர்தான்.

மூன்றாமவர் அவருடைய தம்பி ஃபிராங்க் சௌ. பார்க்கரே சொன்ன கதை இது. தேவாலயத்தில் சந்தித்தபோது, ஊரையே மிரட்டிவந்த ஒரு முரடனைத் தான் அடித்து வீழ்த்தியதாக ஃபிராங்க் சொன்னார். ஆளோ சின்ன உருவம். 'கோயிலில் நின்றுகொண்டு இப்படிப் பொய் சொல்கிறானே' என்று பார்க்கருக்குத் தோன்றியது. ஃபிராங்க் செய்துகாட்டினார். அன்றோடு சந்தேகம் தீர்ந்தது. தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்த பிறகு, 'இனி அண்ணனிடம் போ' என்று வில்லியமிடம் அனுப்பிவைத்தார்.

கொரியப் போர்க் காலத்தில் பார்க்கர் அமெரிக்கக் கடலோரக் காவல்படையில் சேர்க்கப்பட்டார். பணியிடம் ஹவாய்ப் பக்கமே அமைந்ததால் சௌவிடம் பயிற்சி தொடர்ந்தது. அரசு வேலையில் சொந்த ஊரிலேயே போஸ்டிங் கிடைப்பதன் அருமை நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

போதிதர்மருக்கும் கென்போவுக்கும் தொடர்பு உண்டா? அவர் காஞ்சிபுரத்துக்காரர் அல்லவா?

கென்போப் பள்ளிகளில் போதிதர்மர் கதை சொல்லப்படுவது உண்மை. இந்தியாவிலிருந்து சென்ற துறவி ஷாவோலினில் உடற்பயிற்சி கற்பித்தார், அதிலிருந்து சீனச் சண்டைக்கலை, அதிலிருந்து கென்போ என்று அந்தச் சங்கிலி போகும். ஆனால் போதிதர்மரைச் சண்டைக்கலையோடு முடிச்சுப்போடும் சீன நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிந்தியது. வரலாற்றாசிரியர்கள் இதைக் கதையாகத்தான் வைக்கிறார்கள். பெருமைப்பட நமக்கு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது எப்படி?

காவல்படைப் பணி முடிந்து, யூட்டா மாநிலம் புரோவோ நகரிலுள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். மார்மன் திருச்சபையின் பல்கலைக்கழகம் அது. பனி பெய்யும் மலையூர், கட்டுப்பாடான கல்லூரி, அங்கே ஹவாயிலிருந்து வந்த ஆஜானுபாகுவான மாணவன் ஒருவன் கையை வீசிக் காற்றைக் கிழிக்கிறான். கூட்டம் கூடாமல் இருக்குமா? 1954இல் புரோவோவில் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் வகுப்பு எடுக்கத் தொடங்கினார். சேர்ந்தவர்களில் பலர் காவல்துறையினர்.

இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். அவருடைய முதல் மாணவர்களுக்கு ஜப்பானியத் தத்துவத்தில் அக்கறை இல்லை. சட்டையைப் பிடித்தால் என்ன செய்வது, பாட்டிலை ஓங்கினால் என்ன செய்வது, ஏன் இப்படி, ஏன் அப்படிச் செய்யக்கூடாது? கேள்வி கேட்கிற மாணவர்கள். 'குரு சொன்னார், செய்' என்று அவர்களிடம் முடிக்க முடியாது. பார்க்கரின் பிற்காலப் பாடமுறை முழுக்க இந்த 'ஏன்' என்ற கேள்விக்குப் பதிலாகவே வளர்ந்தது என்று நினைக்கிறேன்.

1956இல் சமூகவியலில் பட்டம் பெற்றார். அதே ஆண்டு மனைவி லெய்லானியோடு பாசடீனா வந்து, வால்நட் தெருவில் பள்ளி திறந்தார். பின்னாளில் குடும்பத்தில் ஐந்து பிள்ளைகள்.

ஹாலிவுட் நட்சத்திரங்கள் எப்படி இவரிடம் வந்தார்கள்?

பாசடீனாவிலிருந்து ஹாலிவுட் கூப்பிடு தூரம். 1950களின் இறுதியில் கராத்தே என்பது அமெரிக்கர்களுக்குப் புத்தம்புதிய அதிசயம். செங்கல்லைக் கையால் உடைக்கிறார்களாம் என்று கேள்விப்பட்ட இயக்குநர்களும் நடிகர்களும் தேடிவந்தார்கள். இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸ் இவரிடம் கற்றார். 1961இல் 'டைம்' வார இதழே ஹாலிவுட்டின் இந்தக் கராத்தே மோகத்தைப் பற்றி எழுதி, அதன் நடுவில் பார்க்கரை நிறுத்தியது.

பணக்கார மாணவர்கள் கிடைத்தது வருமானத்துக்கு நல்லது. கலைக்கு நல்லதா என்று கேட்டால், இரண்டு விதமாகவும் சொல்லலாம்.

தரையில் கோடு கிழித்த கதை உண்மையா?

இதை எழுதிவைத்தவர் ஜோ ஹையம்ஸ். ஹாலிவுட் பத்திரிகையாளர், பார்க்கரின் ஆரம்பகால மாணவர். ஒருநாள் தன்னைவிடத் திறமைசாலியோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்து திணறிப்போய், தந்திரம் செய்து சமாளிக்கப் பார்த்தார். பார்க்கர் அவரைத் தனியே அழைத்தார். தரையில் ஒரு கோடு போட்டு, 'இதைச் சின்னதாக்க என்ன செய்வாய்?' என்று கேட்டார். நடுவில் வெட்டலாம், துண்டுதுண்டாக்கலாம் என்று ஹையம்ஸ் ஏதேதோ சொன்னார். பார்க்கர் அதன் பக்கத்தில் அதைவிட நீளமான இன்னொரு கோட்டைப் போட்டார். அடுத்தவன் கோட்டை வெட்டாதே, உன் கோட்டை நீட்டு.

படித்தவுடன் 'அட, இது பீர்பால் கதையாச்சே!' என்று சொல்லியிருப்பீர்கள். நானும் சொன்னேன். அக்பர் கோடு போட, பீர்பால் பக்கத்தில் பெரிய கோடு போட்ட கதையை நம் வீட்டுக் குழந்தைகள் இரண்டாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறார்கள். பார்க்கருக்கு அது எங்கிருந்து கிடைத்ததோ, ஆனால் தோற்ற மாணவனிடம் எந்த நேரத்தில் எடுத்துப்போட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கராத்தேயில் அப்படி என்ன புதிதாகச் செய்துவிட்டார்?

அசைவுகளை மொழியாக நினைத்தார். இதுதான் அவருடைய மையக் கருத்து, மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

ஒரு தடுப்பு, ஒரு குத்து, ஒரு நிலை, இவையெல்லாம் எழுத்துகள். இரண்டு மூன்று சேர்ந்தால் சொல். ஒரு தாக்குதலுக்கு முழுப் பதில் ஒரு வாக்கியம். பல வாக்கியங்கள் சேர்ந்தால் பத்தி. எழுத்து தெரியாமல் வாக்கியத்தை மனப்பாடம் செய்தவன், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும்தான் பேசுவான். எழுத்து தெரிந்தவன் எதிராளி கேட்பதற்கேற்பப் புது வாக்கியம் அமைப்பான். எழுத்து, சொல், பொருள் என்று இலக்கணத்தை அடுக்கிப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

இதனால் ஒவ்வொரு பாடத்தையும் மூன்று கட்டமாகச் சொல்லிக்கொடுத்தார். முதலில், எதிராளி நாம் நினைத்தபடியே நடந்துகொள்ளும் நிலை. இங்கே அசைவுகள் வரிசை மாறாமல் இருக்கும். அடுத்து, 'ஒருவேளை அவன் இடது கையையும் ஓங்கினால்? பின்வாங்கினால்?' என்ற நிலை. மூன்றாவதாக, தெரிந்த எழுத்துகளை வைத்து அந்தந்த நொடியில் தானே கோத்துக்கொள்ளும் நிலை. பல பள்ளிகள் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுகின்றன என்பது கென்போக்காரர்களே வைக்கும் குறை.

திசை சொல்லிக்கொடுக்க அவர் கடிகாரத்தைப் பயன்படுத்தினார். பெரிய கடிகாரத்தின் நடுவில் நிற்பதாக நினைத்துக்கொள். உன் முகத்துக்கு நேரே பன்னிரண்டு, முதுகுக்குப் பின்னால் ஆறு. 'இடது காலை நாலரைக்கு வை' என்றால் குழந்தைக்கும் புரியும். 'கொஞ்சம் சாய்வா, பின்னாடி, இல்ல இல்ல இந்தப் பக்கம்' என்று மாஸ்டர் தொண்டை கிழியக் கத்தும் வகுப்புகளில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்தது தையல். ரெடிமேட் சட்டை எல்லோருக்கும் பொருந்தாது அல்லவா? ஐந்தடிப் பெண்ணும் ஆறடி ஆணும் ஒரே அடியை ஒரே மாதிரி அடிக்கக்கூடாது, கலையை உடம்புக்கு அளவெடுத்துத் தைக்கவேண்டும் என்றார். 'உருவத்தை மாற்று, விதியை மாற்றாதே' என்பது அதன் சாரம்.

அடி எங்கிருந்து வலுப்பெறுகிறது என்பதற்கும் சொற்கள் வைத்திருந்தார். உடம்பின் எடையை முன்னே தள்ளி அடியின் பின்னால் நிறுத்துவது ஒன்று. உடம்பைச் சட்டென்று கீழே இறக்கி, புவியீர்ப்பையும் கூட்டுச் சேர்த்துக்கொள்வது இன்னொன்று. புவியீர்ப்போடு கல்யாணம் என்றே அதற்குப் பெயர்! இடுப்பைச் சுழற்றுவது மூன்றாவது. இவை பழைய கலைகளில் இல்லாதவை அல்ல. ஆனால் பெயர் சொல்லி, பிரித்து, 'இந்த அடியில் இது வேலை செய்கிறது' என்று விளக்கியது புதிது.

கென்போ அடிமுறைகளின் பெயர்கள் ஏன் இவ்வளவு விசித்திரமாக இருக்கின்றன?

'தாமதித்த வாள்', 'ஐந்து வாட்கள்', 'சிறைப்பட்ட சுள்ளிகள்', 'இறகைப் பற்றுதல்' என்றெல்லாம் பெயர்கள் இருப்பது உண்மை. கவிதை என்று நினைக்காதீர்கள், குறிச்சொற்கள் அவை. பொற்கொல்லர்கள் தங்கத்தைப் 'பறி' என்பார்கள் என்று பள்ளியில் குழூஉக்குறி படித்தோமே, அந்த ஜாதி.

வாள் என்றால் திறந்த கையின் விளிம்பு. கதாயுதம் என்றால் கைமுட்டி. சுத்தியல் என்றால் மூடிய கையின் அடிப்பக்கம். சுள்ளி என்றால் கைகள். இறகு என்றால் தலைமுடி. புயல் என்றால் தடி. ஈட்டி என்றால் கத்தி. கோல் என்றால் துப்பாக்கி. இந்த அகராதி தெரிந்துவிட்டால் பெயரே பாடமாகிவிடும். 'சிறைப்பட்ட சுள்ளிகள்' என்றால் பின்னாலிருந்து ஒருவன் கைகளோடு சேர்த்துக் கட்டிப்பிடித்திருக்கிறான். 'இறகைப் பற்றுதல்' என்றால் முடியைப் பிடித்திருக்கிறான்.

'தாமதித்த வாள்' ஆரம்ப வகுப்புக்காரர்கள் கற்கும் பாடம். எதிராளி முன்னாலிருந்து வலக்கையால் சட்டையைப் பிடிக்கிறான். இடக்காலைப் பின்னால் வைத்து, வலக்கையால் உள்நோக்கித் தடு. வலக்காலால் அடிவயிற்றுக்குக் கீழே ஒரு உதை. கால் தரையில் இறங்கும்போது கைவிளிம்பால் கழுத்தில் வெட்டு. உதைக்குப் பிறகுதான் வெட்டு வருகிறது, அதனால் 'தாமதித்த'. மொத்தமும் நாலே அசைவு. ஆனால் பார்க்கரின் எழுத்துகளில் பாதி இதற்குள் இருக்கின்றன.

ஜப்பானியப் பெயர்களை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் வைத்ததற்காக மரபுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். பார்க்கருக்கு அதில் குழப்பமே இல்லை. தன் மாணவர்கள் எந்த மொழியில் யோசிக்கிறார்களோ அந்த மொழியில்தான் பெயர்.

1964 லாங் பீச் போட்டி ஏன் அவ்வளவு பேசப்படுகிறது?

1964 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகர அரங்கில் பார்க்கர் தன் முதல் சர்வதேசக் கராத்தே சாம்பியன்ஷிப் போட்டியை நடத்தினார். அன்று சாம்பியன் பட்டம் வென்றவர் மைக் ஸ்டோன். அது கராத்தே வட்டாரத்துக்கு மட்டும் தெரிந்த செய்தியாகிப்போனது. உலகம் நினைவில் வைத்திருப்பது போட்டியில் கலந்துகொள்ளவே கலந்துகொள்ளாத ஒருவரை.

ஓக்லாந்திலிருந்து ஜேம்ஸ் லீ என்ற நண்பர் வழியாக ஒரு சீன இளைஞனைப் பற்றிப் பார்க்கர் கேள்விப்பட்டிருந்தார். வயது 23. வட்டத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாத பெயர், புரூஸ் லீ. செய்துகாட்ட வா என்று அழைத்தார். இளைஞன் வந்தான். இரண்டு விரலில் தண்டால் எடுத்தான். ஒரு அங்குல இடைவெளியிலிருந்து குத்தி, எதிரே நின்றவரைப் பின்னாலிருந்த நாற்காலியில் போய் விழவைத்தான். அதோடு நிற்காமல், மரபான நிலைகளையும் இறுகிய பழக்கங்களையும் குறை சொல்லிப் பேசினான். அரங்கு முழுக்க மரபுக்காரர்கள்! சிலருக்கு எரிச்சல், சிலருக்குச் சிலிர்ப்பு.

அந்த நாட்களில் விருந்தாளியைக் கவனித்துக்கொள்ளப் பார்க்கர் அனுப்பியது தன் பிளாக் பெல்ட் மாணவர் டான் இனோசான்டோவை. இனோசான்டோ பின்னாளில் சொன்னதன்படி, புரூஸ் லீயின் சாப்பாட்டுச் செலவுக்கு 75 டாலரைப் பார்க்கர் கையில் கொடுத்தார். தன் மாணவனைக் காசு கொடுத்து இன்னொரு குருவிடம் அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிட்டது. இனோசான்டோ அன்றே அசந்துபோய், பிறகு புரூஸ் லீயின் நெருங்கிய சீடரானார்.

பார்க்கர் அந்த நிகழ்ச்சியைப் படம்பிடித்து வைத்திருந்தார். நட்சத்திரங்களின் சிகையலங்காரக் கலைஞர் ஜே செப்ரிங் மூலமாக இந்த இளைஞனைப் பற்றித் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் வில்லியம் டோசியருக்குத் தெரியவந்தது. பார்க்கர் படச்சுருளைக் காட்டினார். 1965 பிப்ரவரியில் புரூஸ் லீக்கு ஸ்கிரீன் டெஸ்ட் நடந்தது. 1966இல் 'கிரீன் ஹார்னெட்' தொடரில் கேட்டோ வேடம். மிச்சக் கதை உங்களுக்கே தெரியும்.

யாரென்றே தெரியாத, தன் கலையையே மேடையில் கிண்டல் செய்யக்கூடிய ஒருவனுக்கு மேடை கொடுத்து, கேமராவையும் ஓடவிட்ட மனசு எத்தனை மாஸ்டர்களுக்கு இருக்கும்? பார்க்கரின் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

அப்படியானால் புரூஸ் லீ இவருடைய மாணவரா?

இல்லை. நண்பர்கள். புரூஸ் லீ கற்றது விங் சுன் என்ற சீனச் சண்டைக்கலை. இணையத்தில் 'குரு' என்று போட்டுவிடுகிறார்கள்.

எல்விஸ் பிரெஸ்லிக்குக் கராத்தே கற்றுக்கொடுத்தது இவர்தானா?

முதலில் கற்றுக்கொடுத்தவர் இவர் இல்லை. எல்விஸ் 1958 முதல் 1960 வரை ஜெர்மனியில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தபோதே கராத்தே ஆரம்பித்துவிட்டார். 1960இல் பெவர்லி ஹில்ஸில் ஒரு ஹோட்டலில் பார்க்கர் செய்துகாட்டிய நிகழ்ச்சியைப் பார்த்து, அவரே வந்து அறிமுகம் செய்துகொண்டார். உலகப் புகழ்பெற்ற பாடகர் 'நான் எல்விஸ் பிரெஸ்லி' என்று கை நீட்டியதைப் பார்க்கர் கடைசிவரை சிரித்துக்கொண்டே சொல்வாராம்.

1970களில் நெருக்கம் கூடியது. பார்க்கர் ஆசிரியராகவும், சுற்றுப்பயணங்களில் பாதுகாவலராகவும், நண்பராகவும் கூடவே இருந்தார். எல்விஸ் மேடையில் பாட்டுக்கு நடுவே திடீரென்று காலை அகட்டி, கையை வெட்டுவாரே, அதற்கெல்லாம் வேர் இங்கே. 1973 ஜனவரியில் ஹோனலூலுவிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்பான நிகழ்ச்சியைப் பார்த்தால், அவருடைய கறுப்பு கிட்டாரில் ஒட்டியிருக்கும் சின்னத்தைக் கவனியுங்கள். கென்போ கராத்தே. பார்க்கர் பிறந்த ஊரில், பார்க்கரின் முத்திரை.

1974இல் எல்விஸ் தன் பணத்தைப் போட்டுக் கராத்தே ஆவணப்படம் ஒன்றுக்குப் பார்க்கரோடு இறங்கினார். அவர் உயிரோடு இருந்தவரை அது வெளிவரவில்லை. 1977இல் எல்விஸ் இறந்தார். மறு ஆண்டே நண்பரைப் பற்றிய நினைவுகளைப் பார்க்கர் புத்தகமாக எழுதினார்.

எல்விஸின் மேனேஜர் 'கர்னல்' பார்க்கர் இவருக்கு உறவா?

பெயர் ஒற்றுமை மட்டுமே. டாம் பார்க்கர் நெதர்லாந்தில் பிறந்தவர், அந்தப் பெயரே அவராக வைத்துக்கொண்டது.

சினிமாவில் நடித்தாரா?

நடித்தார். பழைய மாணவர் பிளேக் எட்வர்ட்ஸ் இயக்கிய 1978ஆம் ஆண்டு பிங்க் பேந்தர் படத்தில், இன்ஸ்பெக்டர் க்ளூஸோவைத் தீர்த்துக்கட்ட வரும் மிஸ்டர் சாங் இவர்தான். நடிப்பில் பெரிய பேர் வாங்கவில்லை. கென்போவை நல்ல முறையில் திரையில் காட்டியது இவருடைய மாணவர் ஜெஃப் ஸ்பீக்மன் 1991இல் நாயகனாக நடித்த படம். அதை முழுமையாகப் பார்க்கும் கொடுப்பினை பார்க்கருக்கு இல்லை.

இவர்மீது என்ன விமர்சனங்கள் உண்டு?

நிறைய. முதலாவது, வேகம் இருக்கிறது, எதிராளி எங்கே? கென்போ செய்துகாட்டும் காணொளிகளில் ஒருவன் ஒரே ஒரு குத்து விட்டுவிட்டு மரம்போல நிற்பான், மாஸ்டர் அவன்மேல் எட்டுப் பத்து அடிகளைப் பொழிந்துவிடுவார். நிஜச் சண்டையில் எவன் நிற்பான்? நியாயமான கேள்வி. மூன்று கட்டங்களில் முதல் கட்டத்தை மட்டும் பார்க்கிறீர்கள் என்பது கென்போக்காரர்களின் பதில். அந்தப் பதிலும் நியாயம்தான், இரண்டாம் மூன்றாம் கட்டத்தை அந்தப் பள்ளி உண்மையிலேயே நடத்தினால்.

இரண்டாவது, பாடத்திட்டம் வீங்கிவிட்டது. ஒவ்வொரு பெல்ட்டுக்கும் 24 அடிமுறைகள் என்ற கணக்கில் மனப்பாடம் ஏறிக்கொண்டே போகும். சிலருக்கு இது இன்பம், சிலருக்குப் பரீட்சை. இங்கே என் கட்சி விமர்சகர்கள் பக்கம். எழுத்துகளைக் கற்றுக்கொண்டால் வாக்கியம் தானே வரும் என்று சொன்ன மனிதர், இத்தனை வாக்கியங்களை மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்க வேண்டாம்.

மூன்றாவது, வியாபாரம். கலையை விற்றார் என்பார்கள். வாடகை கொடுத்து, ஐந்து பிள்ளைகளை வளர்த்த ஆசிரியர் கட்டணம் வாங்காமல் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

கூட இருந்தவர்கள் பிரிந்துபோனது ஏன்?

1960களின் தொடக்கத்தில் பார்க்கர் சீனப் பக்கம் சாய்ந்தார். ஜேம்ஸ் விங் வூ என்ற சீன ஆசிரியர் பாசடீனாவில் இவரோடு சேர்ந்து வேலை செய்தார். 1963இல் வந்த பார்க்கரின் சீனக் கராத்தேப் புத்தகத்துக்குப் பின்னால் அவருடைய உழைப்பு உண்டு. பிறகு இருவரும் பிரிந்தார்கள். மாணவர்களில் டிரேசி சகோதரர்கள் பழைய கென்போவே போதும் என்று விலகி, தங்கள் பெயரில் பள்ளிகளை நாடெங்கும் பரப்பினார்கள். பார்க்கர் தன் பாடத்தை ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருந்தவர். அதனால் அவரிடம் 1958இல் கற்றவர், 1968இல் கற்றவர், 1985இல் கற்றவர் மூவரும் ஒரே அறையில் நின்றால், மூன்று வெவ்வேறு குருக்களிடம் கற்றதுபோலத் தெரியும். மூவரும் 'என்னுடையதுதான் அசல்' என்பார்கள்.

எப்படி இறந்தார்? வாரிசு யார்?

1990 டிசம்பர் 15 அன்று, பிறந்த ஊரான ஹோனலூலுவின் விமான நிலையத்தில் மாரடைப்பு. வயது 59. வாரிசு என்று யாரையும் கைகாட்டிவிட்டுப் போகவில்லை. அவர் தொடங்கிய சர்வதேசக் கென்போ கராத்தே சங்கம் சில ஆண்டுகளுக்குள் பல துண்டுகளானது. மூத்த மாணவர்கள் ஆளுக்கொரு சங்கம் வைத்தார்கள்.

ஒரு பள்ளி பார்க்கர் வழிவந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வணக்கத்தைப் பாருங்கள். வலது முட்டியை இடது உள்ளங்கை மூடும். பெல்ட் வரிசையைப் பாருங்கள். மஞ்சள், ஆரஞ்சு, ஊதா, நீலம், பச்சை, பழுப்பு, கறுப்பு. ஊதாவும் ஆரஞ்சும் அந்த இடத்தில் வந்தால் பெரும்பாலும் இந்த வழிதான். பாடத்தின் பெயர்களைக் கேளுங்கள். சுள்ளி, இறகு, புயல் என்று வருகிறதா? 'ஏன் இந்தக் காலை இங்கே வைக்கிறோம்?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் நல்ல பள்ளி. 'அப்படித்தான்' என்றால் கட்டணம் கட்டுமுன் யோசியுங்கள்.

கடைசியாகச் சட்டையில் தைத்திருக்கும் சின்னம். ஒரு வட்டம், அதற்குள் புலியும் டிராகனும். புலி உடல் வலிமை, டிராகன் ஆன்ம வலிமை. அடியில் ஒரு கோடரி இருக்கும். சங்கத்துக்குத் துரோகம் செய்து பிரிகிறவரைச் சங்கத்திலிருந்து அடியோடு வெட்டி விலக்கிவிடுவோம் என்பதுதான் அந்தக் கோடரிக்குப் பார்க்கர் கொடுத்த விளக்கம். அவருக்குப் பின் பிரிந்துபோன சங்கங்களில் பலவும், அந்தக் கோடரியோடு சேர்த்தே சின்னத்தை நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கின்றன.